மலைத் தோட்டத்துக்கு எந்த வண்டி? முதலில் அந்த நாற்பது மீட்டரை அளந்து பாருங்கள்

கேள்வி: மதுரையில் ஆசிரியையாக இருக்கிறேன், அடுத்த வருடம் ஓய்வு. பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் இடையில் மூன்றரை ஏக்கர் காபி, மிளகுத் தோட்டம் சின்ன வீட்டோடு வாங்கியிருக்கிறோம். தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நடுவில் ஒரு ஓடை, அதைத் தாண்டியதும் ஒரு கொண்டை ஊசி வளைவு. வளைவில் மண்ணே கிடையாது, படிப்படியாக வெறும் பாறை. இப்போது ஸ்விஃப்டை ரோட்டிலேயே விட்டுவிட்டு வாடகை ஜீப்பில்தான் போகிறோம். சொந்தமாக வண்டி வாங்கலாம் என்று இருக்கிறோம், பட்ஜெட் 16 லட்சம். ஷோரூமில் டூ வீல் டிரைவ் மகிந்திரா தாரே போதும் என்கிறார்கள். என் தம்பி பிக்கப் வாங்கு, சாமான் ஏற்றலாம் என்கிறான். ஜீப் டிரைவரோ பழைய மகிந்திரா மேஜர் ஜீப் ஒன்று பார்த்துத் தருகிறேன் என்கிறார். ஓட்டப்போவது நான்தான். எண்பது வயது அம்மாவும் கூட வருவார். எதை வாங்குவது?

பதில்:

மேடம், மூன்று பேர் மூன்று வண்டி சொல்லியிருக்கிறார்கள். அதில் உங்கள் பாதையில் தினமும் ஓட்டுகிறவர் அந்த ஜீப் டிரைவர் ஒருவர்தான், அதனால் அவர் சொன்னதை லேசாக ஒதுக்கிவிடாதீர்கள். மேஜர் வாங்கச் சொல்லவில்லை. ஆனால் அவர் ஏன் அதைச் சொல்கிறார் என்று புரிந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பார்ப்போம். அந்த வளைவைச் சரிசெய்ய உங்களால் முடியும் என்றால் மாருதி ஜிம்னி ஆட்டோமேட்டிக். எதுவுமே செய்ய முடியாது, பாதை இப்படியேதான் கிடக்கும் என்றால் ஃபோர்ஸ் கூர்க்கா, அதற்குப் பட்ஜெட்டை நீட்ட வேண்டியிருக்கும். டூ வீல் டிரைவ் தார் இந்த இடத்துக்கு வேண்டாம். பிக்கப் வேண்டவே வேண்டாம்.

இனி பாதைக்கு வருவோம். பத்துப் பக்கத்துக்கு வண்டியைப் பற்றி விசாரித்து எழுதுகிறவர்கள்கூடப் பாதையைப் பற்றி "ரொம்ப செங்குத்து சார்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எவ்வளவு செங்குத்து? மலைச் சாலை போடுவதற்கென்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஒரு விதி வைத்திருக்கிறது. செங்குத்தான மலையில் சாதாரணமாக 6 சதவீதம், வேறு வழியே இல்லாத இடத்தில் 8 சதவீதம், அதாவது நூறு மீட்டர் போனால் எட்டு மீட்டர் ஏறலாம். நீங்கள் வத்தலக்குண்டிலிருந்து ஏறி வருகிற ரோடெல்லாம் ஏறக்குறைய இந்தக் கணக்கில் போட்டதுதான். தோட்டத்துப் பாதைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஒரு காலத்தில் குதிரையும் ஆளும் காபி மூட்டை இறக்கிய தடத்தை அப்படியே அகலப்படுத்தியிருப்பார்கள், குதிரை ஏறுகிற இடம் எல்லாம் வண்டி ஏறாது. அதனால் பல இடத்தில் 20, 25 சதவீதம் சர்வசாதாரணமாக இருக்கும்.

அளப்பது பெரிய வேலை இல்லை. மூன்று மீட்டர் நீளத்தில் நேரான அலுமினியப் பைப் ஒன்றும் கொத்தனாரின் ரசமட்டமும் எடுத்துக்கொள்ளுங்கள். பைப்பின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வைத்து, பள்ளத்துப் பக்க முனையை மட்டம் சரியாகும் வரை தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் நடுவே 75 சென்டிமீட்டர் இருந்தால் சரிவு 25 சதவீதம், டிகிரியில் சொன்னால் 14. ஒரு மீட்டர் வந்தால் 33 சதவீதம், அந்த இடத்தை முதலில் உடைத்துக் குறைக்க வேண்டும், வண்டிப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். வளைவின் உள்பக்கத்தில் ஒரு தடவை, வெளிப்பக்கத்தில் ஒரு தடவை அளங்கள். உள்பக்கம் எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும், அதனால்தான் ஜீப் டிரைவர்கள் வெளி ஓரத்தை ஒட்டி ஏறுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்குப் பள்ளத்தைப் பார்த்து உயிர் போய் வரும், ஆனால் அவர் எடுப்பது சரியான கோடு.

பிறகு படி. பாறையில் படிப்படியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு படியும் எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்துப் பாருங்கள். 15 வரைக்கும் நிதானமாக ஏறிவிடலாம். 25 என்றால் சக்கரம் ஏறினாலும் வண்டியின் வயிறு தட்டும், கொஞ்சம் கோணலாகப் போனால் ஆயில் சேம்பரோ டிஃப்ரன்ஷியல் ஹவுசிங்கோ பாறையில் உட்காரும். பழனி மலைப் பாறை சார்னோகைட் வகை, கருங்கல் என்று நாம் சொல்கிற ஜாதி, அதோடு மோதி இரும்பு ஜெயித்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக வளைவின் அகலம். ஜிம்னியின் திரும்பு ஆரமே 5.7 மீட்டர். அப்படியென்றால் ஒரே திருப்பில் எடுக்க, சுவருக்குச் சுவர் பன்னிரண்டு மீட்டராவது வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் எந்த வண்டியானாலும் நடுவில் நிறுத்தி, ரிவர்ஸ் எடுத்து, மறுபடி ஏற வேண்டும். செங்குத்தில், பாறை மேல், முதுகுக்குப் பின்னால் பள்ளத்தை வைத்துக்கொண்டு. இந்த ஒரு காரியத்தை மனதில் நிறுத்திக்கொண்டு மற்றதைப் படியுங்கள். ஏனென்றால் நீங்கள் வாங்கப்போகும் வண்டிக்கு நிஜமான சோதனை அந்த ரிவர்ஸ்தான், மற்ற இரண்டு கிலோமீட்டரையும் எதை வைத்தாவது ஓட்டிவிடலாம்.

இப்போது ஷோரூம்காரர் சொன்ன தாருக்கு வருகிறேன். தார் நல்ல வண்டி, அதில் சந்தேகமில்லை. தரையிடைவெளி 226 மில்லிமீட்டர், மூக்கு நல்ல உயரத்தில் நிற்கும், பாறையில் முன்பக்கம் இடிக்காது. ஆனால் 2023 ஜனவரியில் வந்த 1.5 லிட்டர் டீசல் தார் பின்சக்கரம் மட்டும் ஓடுகிற வண்டி. வெளியில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகம், உள்ளே முன்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்து அனுப்புகிற, லோ கியரும் அடங்கிய டிரான்ஸ்ஃபர் கேஸ் கிடையாது. முன்சக்கரத்துக்குச் சக்தி போகாது என்பது ஒரு குறைதான், ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் படுவது லோ கியர் இல்லாதது.

லோ கியர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் ஷோரூமில் யாரும் உங்களைக் குழப்ப முடியாது. லோ போட்டதும் இஞ்சின் அதே வேகத்தில்தான் சுற்றும், சக்கரம் மட்டும் இரண்டு, இரண்டரை மடங்கு மெதுவாகச் சுற்றும், அதே அளவுக்கு இழுவையும் கூடும். அந்த 14 டிகிரி வளைவில் ஒரு படியில் முன்சக்கரம் முட்டி நிற்கிறது என்று வையுங்கள். லோ இல்லாத வண்டியில் முதல் கியரில்கூட அவ்வளவு மெதுவாக ஏற முடியாது, இஞ்சின் நின்றுவிடும். அதனால் ஹாஃப் கிளட்சில் ஆக்சிலரேட்டரைக் கொடுத்துக் குதிரை தாவுவதுபோல் தாவ வைக்க வேண்டும். தாவினால் பின்சக்கரம் சுற்றிக் கல்லை வாரியடிக்கும், பாறையிலிருந்து பாறைக்கு வண்டி விழும், கிளட்ச் பிளேட் கருகுகிற வாடை வரும். வாரத்துக்கு இரண்டு தடவை இப்படி ஏறினால் அந்த பிளேட் எத்தனை நாளைக்கு வரும்? லோ இருக்கிற வண்டியில் கிளட்சை முழுதாக விட்டுவிட்டு, காலை பெடலிலிருந்து எடுத்துவிட்டாலும் நடந்து போகிற வேகத்தில் படியைத் தொட்டு, முனகிக்கொண்டு, மேலே ஏறி உட்காரும். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கும்போது இரண்டில் எது வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஏற்றத்தில் எடை பின்னால் சாயும், அதனால் பின்சக்கரம் பிடிக்கும், டூ வீல் போதும் என்று சிலர் வாதாடுவார்கள். சீரான சரிவில் அது உண்மைதான். உங்கள் ஸ்விஃப்ட் அங்கே ஏறாததற்கும் அதுதான் காரணம், முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் ஏற்றத்தில் முன்பக்கம் லேசாகிவிடும், சக்கரம் சும்மா சுற்றும். அதனால்தான் சில மலைக்காரர்கள் மாருதி காரை ரிவர்ஸிலேயே மேட்டில் ஏற்றிவிடுவார்கள். ஆனால் படி இருக்கிற பாறையில் கதை வேறு. பின்சக்கரம் தள்ளிக்கொண்டே இருக்கும், முன்சக்கரம் படியில் முட்டிக்கொண்டே இருக்கும். முன்சக்கரத்துக்கும் சக்தி இருந்தால் அது தானாகவே படியைப் பற்றி ஏறிக்கொள்ளும்.

ஃபோர் வீல் தார் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வாங்கலாம், தப்பே இல்லை. ஆனால் மூன்று கதவு தாரில் பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி உள்ளே நுழைய வேண்டும். எண்பது வயதில் அது முடியாது, ஆகவே அம்மாவுக்கு எப்போதும் முன் சீட்தான். இரண்டு பெரியவர்கள் வந்துவிட்டால்? அகலமும் 1.8 மீட்டரைத் தாண்டும், ஜிம்னி 1645 மில்லிமீட்டர். தோட்டத்துப் பாதையில் இந்த ஒரு சாண் பெரிய விஷயம், காபிச் செடி கதவில் உரசுவதைச் சொல்லவில்லை, பள்ளத்துப் பக்கச் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே மிச்சமிருக்கிற மண்ணைச் சொல்கிறேன். ஐந்து கதவு தார் ராக்ஸ் உட்கார வசதி, ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2850 மில்லிமீட்டர். மூன்று கதவு தாரில் அது 2450. நடுவில் அத்தனை நீளம் இருந்தால் மேட்டு முகட்டில் வயிறு உட்காரும், வளைவிலும் கூடுதலாக ஒரு தடவை ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும்.

பிக்கப் ஏன் வேண்டாம் என்பதும் இதே கணக்குதான். ஹைலக்ஸ், வி கிராஸ் எல்லாம் லோ கியர் உள்ள அசல் ஃபோர் வீல் வண்டிகள், இழுவைக்குக் குறைவே இல்லை. ஆனால் இரண்டுக்கும் சக்கர இடைவெளி மூன்று மீட்டருக்கு மேல், மொத்த நீளம் ஐந்து மீட்டரைத் தாண்டும். உங்கள் வளைவில் அதைத் திருப்ப ஆரம்பித்தால் மத்தியானம் ஆகிவிடும். அதுவும் பின்னால் சாமான் இல்லாமல் ஓட்டினால் பின்பக்கம் லேசாகிப் பாறையில் குதிக்கும். சாமான் ஏற்றத்தானே என்று தம்பி சொல்வார். வருடத்தில் எத்தனை நாள் சிமெண்டும் கம்பியும் ஏற்றப்போகிறீர்கள்? அந்த நாளுக்கு அதே வாடகை ஜீப்பைக் கூப்பிடுங்கள். மூட்டை ஏற்றி இறக்கிப் பழகியவர்கள், கல் எங்கே புரளும் என்று தெரிந்தவர்கள். வீட்டுக்குத் தண்ணீர் டேங்க், மோட்டார், முள்வேலிக் கல் எல்லாம் அவர்கள் கொண்டுவந்து போடட்டும். உங்கள் வண்டி உங்களையும் அம்மாவையும் ஒரு வாரத்துக்கான காய்கறி, மளிகையையும் கொண்டுபோனால் போதும். வருடத்தில் நாலு நாள் வரப்போகிற சுமைக்காக மிச்ச நாளெல்லாம் ஐந்து மீட்டர் வண்டியைக் கட்டி மேய்க்காதீர்கள்.

சரி, மேஜர். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போயிருக்கிறீர்களா? போகாவிட்டால் ஒரு தடவை போய்ப் பாருங்கள், நான் சொல்வதெல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரியும். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, வண்டி போகிற வழி கேரளப் பக்கம். வழி முழுக்கக் கல், மேலே ஏறுவதெல்லாம் பழைய மகிந்திரா ஜீப்புகள். மூக்கும் வாலும் வெளியே நீட்டாத உருவம், பட்டை ஸ்பிரிங், லோ கியர், கம்பியும் ஸ்பேனரும் இருந்தால் வழியிலேயே பிரித்துப் பூட்டிவிடக்கூடிய இஞ்சின். ஏசி, சென்சார் ஒன்றும் கிடையாது, கெட்டுப்போகவும் ஒன்றும் கிடையாது. உங்கள் டிரைவர் மேஜர் என்பதற்கு அதுதான் காரணம், அவர் மனதில் இருக்கிற கணக்கு சரியான கணக்கு.

ஆனால் அது அவருக்கான வண்டி. பவர் ஸ்டீரிங் இல்லாத மேஜரில் பாறைக்கு நடுவே ஸ்டீரிங்கை ஒடித்துத் திருப்பத் தோள் பலம் வேண்டும், சக்கரம் கல்லில் அடித்து ஸ்டீரிங் திருப்பி உதைத்தால் கட்டைவிரல் போய்விடும். அதனால்தான் பழைய ஆட்கள் விரலை வளையத்துக்கு உள்ளே விடவே மாட்டார்கள். ஏர்பேக் கிடையாது, பிரேக்கும் இன்றைய தரத்துக்கு வராது. மதுரையிலிருந்து அதை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தால் அன்றைக்கு முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான். இதையெல்லாம்விடக் காகிதம். சந்தையில் கிடைக்கும் பழைய ஜீப்பில் பாதி, சேஸிஸ் ஒன்று, இஞ்சின் வேறொன்று, பாடி பட்டறையில் அடித்தது என்று இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி வண்டியில் செய்த மாற்றம் ஆர்சியில் ஏற வேண்டும், ஏறாவிட்டால் போலீஸ் பிடிப்பது இருக்கட்டும், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அதைத்தான் முதலில் கையில் எடுக்கும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்சி எடுத்து, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கவும் வேண்டும். இதில் விருப்பம் உள்ளவர்களுக்கு அது சுகமான தலைவலி. உங்களுக்கு வேண்டாம்.

ஜிம்னிக்கு வருவோம். எடை 1200 கிலோவை ஒட்டித்தான், தாரைவிட அரை டன் குறைவு. மலையில் எடை குறைவது எல்லா வகையிலும் நல்லது, பாதை விளிம்பு உடையாது, ஈர மண்ணில் புதையாது, மாட்டிக்கொண்டாலும் நாலு பேர் சேர்ந்து கை கொடுத்தால் வெளியே வரும். இந்தியாவில் விற்கிற எல்லா ஜிம்னியிலும் ஃபோர் வீலும் லோ கியரும் உண்டு, எந்த மாடலை எடுத்தாலும் ஏமாற வழியில்லை. தரையிடைவெளி 210 மில்லிமீட்டர். ஐந்து கதவு. ஒரு பக்கச் சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் அதை மட்டும் பிரேக் பிடித்து மறு பக்கத்துக்குச் சக்தியைத் தள்ளுகிற ஏற்பாடும் இருக்கிறது. அது வேலை செய்யும்போது கீழே கடகடவென்று சத்தம் வரும், பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், ஆக்சிலரேட்டரைச் சீராக அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் அது பிடிக்கும்.

குறை இல்லாமலா? இருக்கிறது. மொத்த எடைக்கான அனுமதி 1545 கிலோ, வண்டி எடையைக் கழித்தால் ஆட்களோடு சேர்த்து சுமார் 335 கிலோதான் ஏற்றலாம். நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் ஒரு மூட்டை காபிக்கு மேல் ஏற்றாதீர்கள். ஐந்து கதவுக்காக இழுத்த உடம்பு என்பதால் வயிறு தட்டாமல் மேட்டைத் தாண்டுகிற கோணம் 24 டிகிரிதான், தாரைவிடக் குறைவு, முகட்டில் கவனமாக இறக்க வேண்டும். 1.5 லிட்டர் பெட்ரோல் இஞ்சினில் டர்போ கிடையாது, ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் பத்து சதவீதம் பலம் குறையும், தாண்டிக்குடி ரோட்டில் ஆள் ஏற்றிக்கொண்டு முந்த நினைத்தால் மூச்சு வாங்கும். லோவில் போட்டுவிட்டால் இந்தக் குறை உங்களுக்குத் தெரியவே தெரியாது. தார் ரோட்டில்தான் பொறுமை வேண்டும், இந்த மலைக்கு அதுவும் நல்லதுக்குத்தான்.

ஆட்டோமேட்டிக் என்று சொன்னதற்குக் காரணம் அந்த நடு வளைவு ரிவர்ஸ். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் மூன்றையும் இரண்டு காலால் சமாளிக்கும் நேரத்தில்தான் வண்டி பின்னால் நழுவும். ஆட்டோவில் ஒரு காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆட்டோ வண்டி இறக்கத்தில் ஓடிவிடும் என்று பயமுறுத்துவார்கள். லோவில் போட்டு, கியர் லிவரை 'L' எழுத்தில் வைத்து, இறக்கக் கட்டுப்பாட்டுப் பொத்தானையும் அமுக்கிவிட்டால் தானாகவே பிடித்துப் பிடித்து இறங்கும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள், தார் ரோடு வந்ததும் ஃபோர் வீலை எடுத்துவிட வேண்டும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி ஈடுகட்டிக்கொள்ளும், தார் ரோட்டில் அதற்கு வழியில்லை, முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஸ்டீரிங் கனக்கும், கடைசியில் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய்ச் செலவு நிற்கும்.

கூர்க்காவை எதற்கு வைத்திருக்கிறேன் என்றால், முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் தனித்தனியாகப் பூட்டுகிற லாக் அதில் கம்பெனியிலிருந்தே வருகிறது. குறுக்கும் மறுக்குமாக இரண்டு சக்கரம் தூக்கி நின்றாலும் மிச்ச இரண்டும் இழுத்துவிடும். 2.6 லிட்டர் டீசல், 2024இல் வந்ததில் 140 குதிரைத் திறன். தண்ணீரில் 700 மில்லிமீட்டர் வரை இறங்கலாம் என்று கம்பெனி சொல்கிறது. பெரிய, கனமான, முரட்டு வண்டி, உங்கள் வளைவில் அதைத் திருப்புவது ஜிம்னியைவிடச் சிரமம். சர்வீஸ் சென்டர் மதுரையில் எப்படி நடக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பாதையைத் தொடவே முடியாது என்றால் மட்டும்தான் இது.

பாதையைத் தொட முடியுமா என்பதைப் பத்திரத்தில் பாருங்கள். புலப்படத்தில் அந்தப் பாதை இருக்கிறதா, அடுத்தவர் பட்டாவில் போகிறதென்றால் வழிப்பாதை உரிமை எழுதிப் பதிந்திருக்கிறதா? வாய்ப்பேச்சாக இருந்தால் இப்போதே பதிவு செய்துவிடுங்கள், நிலம் கை மாறினால் அடுத்து வருகிறவர் கயிறு கட்டிவிடுவார். காப்புக்காட்டு எல்லையை ஒட்டி இருந்தால் வனத்துறையைக் கேட்காமல் ஒரு கல்லைக்கூடப் புரட்டாதீர்கள். மலையில் ஜேசிபி, பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். மேஸ்திரி "ராத்திரியோட ராத்திரியா முடிச்சுரலாம்" என்பார், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நல்லவேளை, நான் சொல்லப்போகிற வேலைக்கு மெஷினே தேவையில்லை. வளைவையும் அதற்கு மேலும் கீழும் உள்ள செங்குத்தையும் சேர்த்து நாற்பது மீட்டர் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் துருத்திக்கொண்டிருக்கும் படிகளை உளியும் சம்மட்டியும் வைத்து உடைத்துச் சமன் செய்யச் சொல்லுங்கள். அதன்மேல் சக்கரம் போகிற இரண்டு தடத்தில் மட்டும் கான்கிரீட் பட்டை. ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம், நடுவில் 80 சென்டிமீட்டர் இடைவெளி. இந்த அளவில் ஜிம்னியும் ஏறும், தாரும் ஏறும், வாடகை ஜீப்பும் ஏறும். நாற்பது மீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏழு கன மீட்டருக்குச் சற்று மேல் கான்கிரீட், சுமார் 60 மூட்டை சிமெண்ட். மேற்பரப்பைக் கரணையால் மழமழவென்று தேய்த்துவிடப் போகிறார்கள், கொத்தனாருக்கு அதுதான் கை பழகிய வேலை, பக்கத்தில் நின்று தடுங்கள். ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே வரி வரியாகக் கீற வேண்டும், இல்லாவிட்டால் மழையில் பாசி பிடித்துப் பாறையைவிட மோசமாக வழுக்கும். வளைவில் மட்டும் பட்டையாக விடாமல் முழு அகலத்துக்கும் போட்டுவிடுங்கள், அங்கே பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது.

தண்ணீரை மறந்தால் இத்தனையும் வீண். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதையே ஓடையாகிவிடும், மண்ணை அரித்துக் கல்லை மட்டும் நிறுத்திவிட்டுப் போகும். உங்கள் வளைவில் மண் இல்லாமல் போனதும் இப்படித்தான். மேலே செங்குத்தில் பதினைந்து மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே சாய்வாகக் கல் பதித்த சின்ன வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிவிடுங்கள். இலைச்சருகு அடைக்கும், மழைக்கு முன்னால் ஒரு ஆளை விட்டு வாரிவிட வேண்டும். ஓடையைப் பொறுத்தவரை, இறங்கி நின்றால் தண்ணீர் முழங்காலைத் தொடுகிறது என்றால் எந்த வண்டியையும் இறக்காதீர்கள். மேலே பெய்கிற மழை உங்களுக்குத் தெரியாது, தண்ணீர் வடியும் வரை காத்திருங்கள்.

டயரைப் பற்றிக் கொஞ்சம். வண்டியோடு வருகிற ரோடு டயரை வைத்து ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள், உடனே பெரிய முரட்டு டயர் போட வேண்டாம். அதற்கப்புறம் மாற்றினால் அதே அளவில், ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர், ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தும் ஒரே ஜாதியில். அளவைக் கூட்டினால் இழுவை குறையும், ஆர்சி பிரச்சினையும் வரும். பாதை ஆரம்பத்தில் காற்றை இருபது, இருபத்திரண்டு பவுண்டுக்கு இறக்கினால் டயர் கல்லைக் கவ்விக்கொண்டு போகும், உங்களுக்கும் குலுக்கல் குறையும். ரொம்ப இறக்கினால் பக்கச்சுவர் பிதுங்கிக் கூரான கல்லில் கிழியும், பக்கம் கிழிந்த டயருக்குப் பஞ்சர் கிடையாது, தூக்கிப் போட வேண்டியதுதான். திரும்பித் தார் ரோட்டுக்கு வந்ததும் காற்று ஏற்ற, வண்டி பேட்டரியில் ஓடுகிற சின்ன கம்ப்ரஸர் ஒன்று டிக்கியிலேயே கிடக்கட்டும்.

அதோடு இரண்டு மரக்கட்டை. ஜீப்பில் கிளீனர் பையன் வளைவு வந்ததும் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்குக் கிளீனர் கிடையாது, வீட்டுக்காரருக்கு அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் வண்டிக்கு நேர் பின்னால் நிற்கக்கூடாது, மேட்டுப் பக்கம் ஒதுங்கி நின்று கட்டையை நீளக் கயிற்றில் கட்டித் தள்ள வேண்டும். ஏற்றத்தில் இஞ்சின் நின்றுபோனால் வண்டியைக் குறுக்கே திருப்பி இறக்கப் பார்க்காதீர்கள், கவிழ்வது அப்படித்தான். பிரேக், ஹேண்ட் பிரேக், லோ ரிவர்ஸ், வந்த தடத்திலேயே நேராகப் பின்னால். மேலே கேரியரில் சாமான் கட்டவும் வேண்டாம், பக்கச் சரிவில் அந்த முப்பது கிலோதான் வண்டியைச் சாய்க்கும். இருட்டின பிறகு இறங்குவதையும் தவிருங்கள், காட்டுமாடு வளைவில் நின்றுகொண்டிருந்தால் நீங்கள் ரிவர்ஸ் எடுக்க இடம் இருக்காது. அம்மாவுக்கு ராத்திரியில் ஏதாவது என்றால் என்ன செய்வது என்று அந்த ஜீப் டிரைவரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள், சொந்த வண்டி வந்துவிட்டது என்று அவரை விட்டுவிட வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை. டெமோ வண்டியை உங்கள் பாதைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் மாட்டேன் என்பார்கள். அப்படியென்றால் தெரிந்தவர் யாரிடமாவது ஜிம்னி இருந்தால் பெட்ரோல் போட்டுக் கொடுத்து ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கள். அம்மாவை உட்காரவைத்து, அவர் ஏறி இறங்க முடிகிறதா என்று பாருங்கள், பக்கத்தில் கைப்பிடி எட்டுகிறதா என்றும். அப்புறம் ஜீப் டிரைவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே இறங்கி வளைவில் நின்று, வண்டியின் வயிறு எந்தக் கல்லில் தட்டுகிறது என்று குனிந்து பார்த்துச் சுண்ணாம்பால் குறி போட்டு வையுங்கள். கல் உடைக்க வருகிறவருக்கு அந்தக் குறியைக் காட்டினால் போதும்.